அமெரிக்க கிரீன் கார்டு: இபி-2 வரிசையிலிருந்து இபி-3க்கு இறங்குவது சரியா? (2025 அக்டோபரில் நடந்த உரையாடல்)

டல்லாஸ்வாசி:
வேலைவழி கிரீன் கார்டுக்கான இபி-2 பிரிவில் (உயர்பட்டம் கேட்கும் வேலைகளுக்கானது; இபி-3 அதற்கு அடுத்த படி) ஐ-140 ஒப்புதல், அதாவது நிறுவனம் எனக்காகப் போட்ட மனுவுக்கு ஒப்புதல், பெற்றிருக்கிறேன். முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் தேதி, 2014 ஏப்ரல். அன்று பெர்ம் (தொழிலாளர் துறைச் சான்று) எடுத்துக் கொடுத்த நிறுவனத்தில்தான் இன்றும் பணிபுரிகிறேன். 2025 அக்டோபர் விசா புல்லட்டினில் (வெளியுறவுத் துறையின் மாதாந்தர அறிவிப்பு) இந்தியர்களுக்கான விண்ணப்பத் தேதி, அதாவது முன்னுரிமைத் தேதி அதற்கு முந்தியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்ற எல்லை, இபி-2இல் 2013 டிசம்பர் 1, இபி-3இல் 2014 ஆகஸ்ட் 15. குடியேற்றத் துறையும் இம்மாதம் விண்ணப்பத் தேதி அட்டவணையையே ஏற்றுக்கொள்வதால், அதே பெர்மைக் கொண்டு இபி-3இல் இன்னொரு ஐ-140 போட்டு, அதனுடனேயே குடும்பம் முழுவதற்கும் ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) தாக்கல் செய்ய எண்ணியிருக்கிறேன். மகளுக்குப் பதினாறு வயது. இருபத்தொரு வயதானால் பிள்ளை என்ற தகுதி போய்விடும் என்பதால், அவளுடைய வயதை இப்போதே நிலைநிறுத்திவிட வேண்டும் என்பதே முதல் நோக்கம். பழைய இபி-2 ஒப்புதல் செல்லுபடியாகவே இருக்கும் என்னும்போது, இதைத் தவிர்ப்பதற்கு நியாயமான காரணம் ஏதும் உண்டா?

நெடுங்காத்திருப்பு:
உண்டு. 2020 அக்டோபரில் இபி-3 விண்ணப்பத் தேதி ஒரேயடியாக 2015 ஜனவரி 1க்குத் தாவியது. இபி-2 தேதியோ 2011 மே 15இல் நின்றது. பெருந்தொற்றுக் காலத்தில் குடும்பப் பிரிவில் பயன்படாமல் போன விசாக்கள் வேலைப் பிரிவுக்கு வந்து சேர்ந்ததால், வழக்கமாக 1,40,000 ஆக இருக்கும் ஆண்டு ஒதுக்கீடு அந்த நிதியாண்டில் சுமார் 2,62,000 ஆனது; கூட்டம் கூட்டமாக மக்கள் இபி-3க்கு இறங்கினார்கள். பிறகு நடந்ததையும் பாருங்கள். 2022 செப்டம்பரில் இபி-2இன் இறுதி நடவடிக்கைத் தேதி (கிரீன் கார்டே வழங்கப்படுவதற்கான எல்லை) 2014 டிசம்பர் 1ஐ எட்டியபோது, இபி-3 2012இன் தொடக்க மாதங்களையே தாண்டவில்லை. 2023 ஜூலையிலோ அது 2009 ஜனவரி 1க்குப் பின்வாங்கியது. எல்லாவற்றுக்கும் மேல்படியான இபி-1இல் மிஞ்சும் விசா முதலில் இபி-2க்குத்தான் வரும், அங்கும் மிஞ்சினால்தான் இபி-3க்கு என்று சட்டமே வகுத்திருக்கும்போது, தற்காலிகமாக முந்தி நிற்கும் ஒரு தேதியை நம்பி இறங்குவது சரியாகப் படவில்லை.

மேப்பிள்நிழல்:
நீங்கள் காட்டும் உதாரணமே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. 2020இல் இறங்கியவர்களின் ஐ-485 ஏற்கெனவே நிலுவையில் இருந்ததால்தான், 2022இல் இபி-2 தேதி முன்னே சென்றபோது, ஒரு கடிதமும், வேலை இன்னும் உண்டு என்று உறுதிசெய்யும் சப்ளிமென்ட் ஜே படிவமும் அனுப்பி அதே விண்ணப்பத்தைப் பழைய இபி-2 ஒப்புதலுக்கு மாற்றிக்கொள்ள அவர்களால் முடிந்தது. அப்படி மாற்றிக்கொள்ளும்படி குடியேற்றத் துறையே அன்று கேட்டுக்கொண்டது. கிரீன் கார்டு வரத் தாமதமானாலும் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை கைக்கு வருகிறது. விண்ணப்பம் 180 நாள் நிலுவையில் இருந்துவிட்டால் அதே வகை வேலைக்கு வேறு நிறுவனம் மாறலாம். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும்போது வேலை போனால் கிடைப்பது அதிகபட்சம் அறுபது நாள் அவகாசம். அந்த அச்சத்தோடு பத்தாண்டுகளுக்கு மேல் வாழும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

நெடுங்காத்திருப்பு:
ஈஏடியின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் மகளின் வயதை நிலைநிறுத்துவது முதல் நோக்கம் என்றால், விதி மாறிவிட்டதை அவர் அறிந்தாக வேண்டும். 2023 பிப்ரவரி முதல் விண்ணப்பத் தேதியை வைத்தே பிள்ளைகளின் வயதைக் கணக்கிட்டு வந்தார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு மீண்டும் இறுதி நடவடிக்கைத் தேதியே அளவுகோல். அந்தத் தேதி அக்டோபரில் இபி-3க்கு 2013 ஆகஸ்ட் 22. அது 2014 ஏப்ரலைக் கடக்கும்வரை அவளுடைய வயது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

மேப்பிள்நிழல்:
அந்த அளவுகோலிலும் இபி-2 2013 ஏப்ரல் 1இல்தான் நிற்கிறது. இபி-3 ஏறக்குறைய ஐந்து மாதம் முன்னால் இருக்கிறது. ஐ-140 நிலுவையில் இருக்கும் நாட்கள் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்கப்படும் என்பதால், பிரீமியம் கட்டணம் கட்டி அதை அவசரப்படுத்தத் தேவையில்லை.

காகிதவேலை:
இறங்குவது என்று முடிவானால், நிறுவனத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் ஓர் அடிகூட நகராது. 2014 பெர்மில் சொன்ன வேலையும் ஊரும் இன்றும் பொருந்த வேண்டும். அன்றிலிருந்து அந்தச் சம்பளத்தைக் கொடுக்கும் வசதி இருந்தது என்று நிறுவனம் காட்ட வேண்டும். புதிய மனுவைப் பார்க்கும் அதிகாரி பழைய கோப்பையும் புரட்டக்கூடும் என்பதாலேயே தயங்கும் வழக்கறிஞர்கள் உண்டு. பெரியவர்களுக்கு ஐ-485 கட்டணம் ஆளுக்கு 1,440 டாலர். மருத்துவப் பரிசோதனைப் படிவத்தையும் இப்போது விண்ணப்பத்தோடே வைக்க வேண்டும். நம் ஊர்ப் பிறப்புச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். நகராட்சியில் பெயர் சேர்க்கும் வேலையை இன்றே தொடங்கிவிடுங்கள்.

செவிலி_ஹூஸ்டன்:
நான் இபி-2இலிருந்து வந்தவள் அல்ல. தொடக்கம் முதலே இபி-3இல் இருக்கும் செவிலியர், முன்னுரிமைத் தேதி 2015. ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பின்படி, இந்தப் பிரிவில் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு உறுதியாகக் கிடைப்பது சுமார் 2,800 விசாக்களே. அதிலும் மனைவி, மக்கள் அனைவரும் அடக்கம். நால்வர் கொண்ட ஒரு குடும்பம் இறங்கி வந்தால் எனக்கு முன்னால் நான்கு பேர் கூடுகிறார்கள். எங்களுக்கு மேலே ஏறும் வழி இல்லை.

மேப்பிள்நிழல்:
உங்கள் வருத்தம் நியாயமானது, சகோதரி. ஆனால் 2014இல் வரிசைக்கு வந்தவர் 2015இல் வந்தவருக்கு முன்னால் நிற்பதில் பிழை காண முடியாது. பிழை அந்த ஏழு சதவீத வரம்பில் இருக்கிறது.

செவிலி_ஹூஸ்டன்:
முன்னால் நிற்பதை நான் குறை சொல்லவில்லை. ஒரே குடும்பம் இரண்டு வரிசையிலும் இடம் பிடித்திருப்பதால், உண்மையான தேவை எவ்வளவு என்பதை வெளியுறவுத் துறையால் சரியாகக் கணிக்க முடியாமல் போகிறது. தேதி திடீரென்று தாவுவதற்கும் பிறகு ஆண்டுக்கணக்கில் பின்வாங்குவதற்கும் அது ஒரு காரணம். 2023 ஜூலையில் இபி-3 பின்வாங்கியபோது, ஏறிக்கொள்ள உங்களுக்கு இபி-2 இருந்தது. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வரிசைதான்.