சிங்கப்பூரில் கட்சிப் பற்று வீட்டில் பிறக்கிறதா, வட்டாரத்தில் வளர்கிறதா?

ஈசூன் வாசி:
தேர்தல் அறிக்கைகளைப் படித்து முடிவெடுத்ததாகத்தான் எல்லாரும் சொல்கிறோம். எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கம்பத்துக் குடிசையிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய தலைமுறைக்குக் குழாய்த் தண்ணீரும் வீட்டுக்குள் கழிப்பறையும்தான் அரசியல். அந்த நன்றி ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சிக்கு (மசெக) போனது. பிள்ளைகள் அதன் மின்னல் சின்னத்தோடு வளர்ந்தார்கள். நிலம் கையகப்படுத்தப்பட்ட கசப்பு இருந்த வீட்டுப் பிள்ளைகள் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் சுத்தியலோடு வளர்ந்தார்கள். நமக்கு வாக்குரிமை கிடைப்பது 21 வயதில். அதற்கு வெகு முன்பே மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

செங்காங் இல்லத்தரசி:
மறுக்கிறேன் ஐயா. பற்று வீட்டில் பிறப்பது என்றால் கணக்கு இப்படி ஆடாது. மசெகவின் வாக்கு விழுக்காடு 2011-இல் 60.1, 2015-இல் 69.9, 2020-இல் 61.2, 2025-இல் 65.57. நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் பக்கம் மாறியிருக்கிறார். அவர்களுடைய அப்பா மாறிவிட்டாரா? 2011-இல் வீட்டு விலை, நெரிசலான ரயில், வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கை ஆகியவற்றில் கோபம் இருந்தது. பிறகு வீவக வீடுகளை வேகமாகக் கட்டினார்கள். 2014-இல் முதியவர்களின் மருத்துவச் செலவுக்கு உதவும் முன்னோடித் தலைமுறைத் தொகுப்புத் திட்டம் வந்தது. 2015 மார்ச்சில் லீ குவான் யூ மறைந்தார், அதே ஆண்டு நாட்டின் பொன்விழா. மக்கள் எடைபோட்டார்கள், மாற்றி வாக்களித்தார்கள். இங்கே செங்காங்கிலும் அப்படித்தான். 2020-இல் உருவான குழுத்தொகுதி, அதாவது பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. முதல் தேர்தலிலேயே பாட்டாளிக் கட்சி வென்றது. பெரும்பாலும் இளம் குடும்பங்கள் குடியேறிய ஊரில் பரம்பரைப் பற்று எங்கிருந்து வரும்?

ஈசூன் வாசி:
பத்தில் ஒருவர் மாறினார் என்றால் ஒன்பது பேர் மாறவில்லை என்றுதானே பொருள்? நான் பேசுவது அந்த ஒன்பது பேரைப் பற்றி.

செங்காங் இல்லத்தரசி:
நீங்கள் பார்ப்பது நிகர மாற்றத்தை மட்டும். அங்கிருந்து இங்கே வந்தவரும் இங்கிருந்து அங்கே போனவரும் ஒருவரையொருவர் கழித்துவிடுகிறார்கள். உண்மையில் மாறியவர்கள் அதைவிடக் கூடுதலாகத்தான் இருப்பார்கள்.

பொத்தோங் பாசிர் பழையவர்:
இருவரும் குடும்பத்தையும் கணக்கையும் சொல்கிறீர்கள். என் வட்டாரத்தைப் பாருங்கள். 1984 முதல் 2011 வரை எதிர்க்கட்சிக்காரரான சியாம் சீ தோங்கைத்தான் தேர்ந்தெடுத்தோம். 1997 தேர்தலில், ஆளுங்கட்சிக்கு ஆதரவு தரும் பகுதிகளுக்குத்தான் வீட்டு மேம்பாட்டில் முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். கணக்குப் பார்க்கிறவர் அன்றைக்கே மாறியிருக்க வேண்டும், அம்மா. மற்ற இடங்களில் எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்கத் தொடங்கியபோது எங்கள் பக்கத்து முதியவர்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். இருந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. மக்கள் சந்திப்பு நாளில் சியாம் எங்கள் கடிதத்தைக் கையில் வாங்கி, முழுக்கப் படித்துவிட்டுப் பேசுவார். அந்த மனிதருக்காகப் போட்டோம். இடையில் அவர் கட்சி மாறியபோதும் கூடவே போனோம். 2011-இல் அவர் பீஷான் - தோ பாயோவுக்குப் போக, இங்கே அவருடைய மனைவி லீனா சியாம் நின்றார். 114 வாக்குகளில் தொகுதி ஆளுங்கட்சிக்குக் கை மாறியது. மனிதர் நகர்ந்ததும் பற்றும் தளர்ந்தது. இதில் கட்சி எங்கே இருக்கிறது?

தெம்பனிஸ் தம்பி:
ஐயா, அக்கா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். மலேசியாவில் இருக்கும் என் உறவினர்களுக்கு மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) என்று ஓர் இந்தியர் கட்சி உண்டு. தாத்தா உறுப்பினர், அப்பா கிளைத் தலைவர் என்று அது தலைமுறையாக வரும். நமக்கு அப்படிப் பரம்பரையாகக் கொடுக்கக் கட்சியே இல்லை. 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு புளோக்கிலும் இன விகிதத்துக்கு வரம்பு வைக்கிறது. தமிழர்கள் எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை ஆக முடியாது. ஆகவே இங்கே தமிழ் வாக்கு வங்கி கிடையாது. ‘நம் ஆள்’ என்று பார்த்து வாக்களிப்பதாகச் சொல்கிறவர்களுக்கு ஆன்சனை நினைவூட்டுகிறேன். தேவன் நாயர் அதிபரானதால் காலியான அந்தத் தொகுதியில் 1981-இல் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினத்தை வெல்ல வைத்தவர்கள் பெரும்பாலும் சீன வாக்காளர்கள். பிளேர் பிளேனில் துறைமுக ஊழியர்கள் குடியிருந்த வீடுகளைக் காலி செய்யச் சொன்னதால் எழுந்த கசப்பு அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஈசூன் வாசி:
தம்பி, நீங்கள் சொன்ன ஆன்சனே எனக்குச் சாட்சி. வீடு போகிறதே என்ற கசப்பு! 1984-லும் ஜெயரத்தினம் அங்கே வென்றார்.

தெம்பனிஸ் தம்பி:
1988 தேர்தலில் ஆன்சன் என்ற தொகுதியே இல்லை, ஐயா. எல்லை மாறி அக்கம்பக்கத்தில் கரைந்துவிட்டது. அருகிலுள்ள தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் 1991 முதல் 2011 வரை எந்தப் பொதுத்தேர்தலிலும் போட்டியே இல்லை. முதல் வாக்குப்பதிவு 2015-இல்தான். 1991-இல் அங்கே இருபது வயதில் குடியேறியவருக்குப் பொதுத்தேர்தல் வாக்குச்சீட்டு கைக்கு வந்தபோது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய கட்சிப் பற்று என்ன என்று யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரிந்திருக்குமா? வாக்களிக்கும் பழக்கம் இல்லாத இடத்தில் பற்றைப் பற்றிப் பேசுவதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2025-இல் மரீன் பரேட் - பிராடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியிலும் போட்டியே இல்லை.

பொத்தோங் பாசிர் பழையவர்:
தம்பி சொல்வது சரி. இன்னும் ஒன்று. சியாமின் ‘இடைத்தேர்தல் உத்தி’ நினைவிருக்கிறதா? 1991-இல் இருந்த 81 இடங்களில் எதிர்க்கட்சிகள் பாதிக்கும் குறைவாகவே போட்டியிட்டன. வேட்புமனுத் தாக்கல் நாளிலேயே மசெக போட்டியில்லாத 41 இடங்களோடு ஆட்சிக்கு வந்துவிட்டது. ஆட்சி கவிழாது என்ற நிம்மதியில் மக்கள் நான்கு இடங்களை எதிர்க்கட்சிகளுக்குக் கொடுத்தார்கள். ஆட்சிக்கு ஒரு கட்சி, கேள்வி கேட்க இன்னொரு கட்சி என்று ஒரே மனத்தில் இரண்டு விருப்பம். அதை எந்தப் பற்றில் சேர்ப்பீர்கள்?

ஈசூன் வாசி:
அது அச்சம். அச்சத்தையும் பெற்றோர்தான் கொடுத்தார்கள். எல்லா இடங்களிலும் போட்டி நடந்த 2015-இல் 69.9 விழுக்காடு வந்ததே, அதற்கு அந்த அச்சம்தான் விளக்கம்.

செங்காங் இல்லத்தரசி:
2020-இலும் எல்லா இடங்களிலும் போட்டி இருந்தது, ஐயா. கொள்ளைநோய்க் காலம் வேறு. அச்சத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேளை கிடையாது. அப்போதுதான் 61.2-க்கு இறங்கியது, பாட்டாளிக் கட்சிக்குப் பத்து இடங்கள் கிடைத்தன. அந்தத் தேர்தலில் ஆளுங்கட்சியின் புதுமுகங்களில் ஓர் இந்தியரும் இல்லை என்று நம்மவர்கள் குறைப்பட்டதும் உண்டு. 2025-இல் அந்தக் குறையைச் சரிசெய்தார்கள். அப்பாவின் நன்றியை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் அதைச் சரிசெய்திருக்கவே மாட்டார்கள்.