சாஃப் கோப்பையில் விருந்தினர் அணிகள் ஏன்?

கேள்வி:
2023ஆம் ஆண்டு பெங்களூருவில் நடந்த தெற்காசியக் கால்பந்துப் போட்டியான சாஃப் கோப்பையில், இந்தப் பகுதியைச் சேராத குவைத்தும் லெபனானும் ஏன் சேர்க்கப்பட்டன என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
ஆப்கானிஸ்தான் ஏற்கெனவே மத்திய ஆசியக் கூட்டமைப்புக்குச் சென்றுவிட்டது. இலங்கையை அப்போது ஃபிஃபா இடைநீக்கம் செய்திருந்தது. எஞ்சிய 6 அணிகளுடன் இரு விருந்தினர் அணிகள் சேர்ந்ததால், நான்கு நான்காக இரண்டு பிரிவுகள் அமைந்தன.

பதில் 2:
அதனால் ஆட்டத்தின் தரமும் உயர்ந்தது என்பேன். இறுதி ஆட்டத்தில் 14ஆம் நிமிடத்திலேயே குவைத் கோல் அடிக்க, 39ஆம் நிமிடத்தில் இந்தியாவின் சாங்தே சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் முடிவு கிட்டாமல், பெனால்டியில் ஐந்து வாய்ப்புகளுக்குப் பின்னும் சமநிலை நீடித்தபோது, இந்தியக் கோல்காப்பாளர் குர்பிரீத் சிங் பாய்ந்து தடுத்த அந்த ஒரு பந்துதான் இந்தியாவுக்கு ஒன்பதாவது கோப்பையைத் தந்தது. கண்டீரவா அரங்கம் அதிர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன்.

பதில் 3:
தரம் உயர்ந்தது உண்மைதான். ஆனாலும் சிறிய நாடுகளின் வாய்ப்பு குறைவது எனக்கு வருத்தமளிக்கிறது. 1995இல் இலங்கையும், 2008இலும் 2018இலும் மாலத்தீவும் இறுதி ஆட்டத்தில் இந்தியாவையே வென்று கோப்பையைக் கைப்பற்றின. அத்தகைய வெற்றிகளுக்கு இடமளிப்பதே இப்போட்டியின் உயிர் என்று கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
இலங்கையின் இடைநீக்கத்தை நான் அறிந்திருக்கவில்லை. விளக்கிய அனைவருக்கும் நன்றி.