மேலதிகாரி செய்யச் சொன்னது, இன்னும் உறுத்துவது: உங்கள் அனுபவம்?

தரச்சோதனை
ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி. நடக்காத சோதனைகளுக்கெல்லாம் செக்லிஸ்ட்டில் டிக் போடச் சொன்னார் மேனேஜர். தயங்கினேன். மனுஷன் மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. சட்டைப் பையிலிருந்து ரெண்டு பேனா எடுத்து வைத்தார், ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. "மாத்தி மாத்திப் போடுப்பா. ஒரே மையா இருந்தா ஒரே நாள்ல எழுதினது தெரிஞ்சிடும்." பதினோரு தாள். போட்டேன். ரெண்டு பேனாவோடு வந்திருக்கிறார் என்றால் வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். நாலு வருஷமாக அதுதான் மனசை அரிக்கிறது.

டீம்லீட்
என்னுடையது டீம் ஆட்களுக்கு மார்க் போடும் அப்ரைசல் கதை. இத்தனை பேருக்கு இந்த மார்க் என்று முன்கூட்டியே பங்கு வைக்கும் பெல் கர்வில் யாரையாவது கடைசியில் தள்ளியாக வேண்டும். "அவங்க பிரசவ லீவுலதானே இருந்தாங்க, அவங்களைப் போடுங்க, கேள்வி கேட்க மாட்டாங்க" என்றார் மேலதிகாரி. அந்தப் பெண்ணுக்குப் போட்டிருந்த 4-ஐ அழித்து 2 போட்டேன். லீவு முடிந்து வந்த அன்று முதல் வேலையாக என் மேஜைக்கு வந்து, குழந்தை போட்டோவைக் காட்டினாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நேர்வழி
தரச்சோதனை சார், டிக் போட்ட கை உங்களுடையது. அதற்கு ஏன் பேனா மேல் பழி? முடியாத வேலையை முடிந்ததாக கிளையன்ட்டுக்கு எழுதச் சொன்னபோது நான் முடியாது என்றேன். மறுநாளே ப்ராஜெக்ட்டிலிருந்து தூக்கினார்கள். தூக்கட்டும். 1986-ல் வெடித்த அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தை நினைத்துப் பாருங்கள். குளிரில் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையம் விறைத்துவிடும், ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் முந்தின நாளே மன்றாடினார்கள். நிர்வாகம் கேட்கவில்லை. ஏவிய 73 நொடியில் சிதறியது, 7 உயிர்.

பழைய கிளார்க்
நேர்வழி, உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராகத்தானே நிற்கிறது? பொறியாளர்கள் முடியாது என்றுதான் சொன்னார்கள், முடிவு எடுத்தது மேலே. 2016-ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி விவகாரம் வெடித்தபோது, வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்கு திறந்ததற்காக அதற்குள் சுமார் 5,300 பேரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். பெரும்பாலும் கீழ்மட்டம். தலைமை அதிகாரி ஜான் ஸ்டம்ப் விலகியது அதற்கெல்லாம் பிறகு, அந்த அக்டோபரில்தான். எட்ட முடியாத டார்கெட்டை வைத்துவிட்டு, எப்படியாவது முடி என்று சொல்கிறவரை முதலில் கேளுங்கள். எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார், அது பெரிய கதை.

யாராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அன்றைக்கே ரெண்டு வரி மெயில் போடுங்கள்: "நீங்கள் சொன்னபடி இந்தத் தேதியிட்டு நிரப்பவா? உறுதிப்படுத்தவும்." பல பேர் அதோடு பின்வாங்கிவிடுவார்கள். யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று சொந்த நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆபீஸ் ஃபைலை மட்டும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள், அதையே காரணமாக்கி உங்களை வெளியே அனுப்புவார்கள். எச்.ஆர். கம்பெனியின் ஆள் என்பதை மறக்க வேண்டாம். தணிக்கைக் குழுவுக்கு நேராகப் புகார் தரும் வழி இருந்தால் அதில் போங்கள், தனியாகப் போகாமல் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு.

டீம்லீட்
மெயில் யோசனை சரிதான் சார். எனக்கு இப்போது ஆதாரம் வேண்டியதில்லை. அந்த 2-ஐப் போட்டது நான்தான் என்று அவளிடம் சொல்வதா, வேண்டாமா? இன்னமும் என் டீமில்தான் இருக்கிறாள். அடுத்த அப்ரைசல் இந்த மாதம்.