பழைய ரிகர்வ் வில்லுக்கு நாண் வேண்டும், உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடை ஒன்றில், பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவே பேர் (Bear) என்ற அமெரிக்க நிறுவனத்தின் கோடியாக் (Kodiak) வில் ஒன்று கிடைத்தது. ரிகர்வ் வகை, அதாவது முனைகள் எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும் வில். கிரேலிங், மிச்சிகன் என்று எழுத்து இருக்கிறது. அந்த நிறுவனம் 1978-இல் ஃபுளோரிடாவுக்கு மாறியது, அதனால் அதற்கு முந்தையது என்றே நினைக்கிறேன். நீளம் 60 அங்குலம். நாணை 28 அங்குலம் இழுக்க 45 பவுண்டு விசை வேண்டும். பிடியின் மரம் இன்னும் பளபளக்கிறது, கையில் எடுத்தால் வைக்க மனம் வருவதில்லை.

நாண் இல்லை. அதிகம் நீளாத இந்தக் கால ஃபாஸ்ட் ஃப்ளைட் நாண் போட்டால் பழைய வில்லின் முனை பிளந்துவிடும் என்பதால், கொஞ்சம் நீண்டு கொடுக்கும் டேக்ரான் (பாலியஸ்டர் இழை) நாண்தான் வேண்டும், 56 அங்குலம். மதுரை, திருச்சி பக்கம் யாராவது கட்டித் தருவார்களா?

அப்புறம், வில்லின் கீழ்க்கை (பிடிக்குக் கீழே வளையும் பகுதி) லேசாக முறுக்கியிருக்கிறது. பல வருடம் ஆணியில் சாய்வாகத் தொங்கியதாகக் கடைக்காரர் சொன்னார். வெந்நீரில் சூடாக்கி எதிர்ப்பக்கம் திருப்பலாம் என்கிறார்கள். மரத்தின் மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடியிழைப் பட்டை ஒட்டு விட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை நாணேற்ற மாட்டேன்.

பக்கத்தில் பழைய வில் எய்கிறவர்கள் இருந்தால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.