பாட்டி நிறுத்தச் சொன்ன ஒலிப்பதிவு

அல்சூரிலிருந்து:

ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். சில வருடம் முன்பு நீலகிரி இருளர் ஊர்களில் எடுத்த பேட்டிகள் வந்தன. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகை பற்றிய ஆய்வு. அந்த மலையில் இந்த நோய் இருப்பதை 1952லேயே எழுதிவிட்டார்கள். ஒரு பாட்டி, "எங்க மாமியார் காலத்துல இருந்து ரத்தம் எடுக்கறாங்க" என்றே தொடங்குகிறார்.

பேச்சு பேறுகால மருந்துக்குப் போனது. "அதை அமத்திட்டுக் கேளு தம்பி, சொல்றேன்." பேட்டி எடுக்கும் பையன் "சரி பாட்டி" என்கிறான். பதிவு ஓடிக்கொண்டே இருக்கிறது. பச்சிலையின் பெயர், முளைக்கும் இடம், அரைக்கும் பக்குவம் எல்லாம் ஆறு நிமிடம். நான் பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

'இங்கே நிறுத்தச் சொன்னார்' என்று அடித்துவிட்டு மீதியைக் காலியாக விட்டேன். ஆய்வு நடத்தியவர்களிடமிருந்து போன்: "பேரை எடுத்துடுவோம் மேடம், அடிங்க. கைநாட்டு இருக்கே." கைநாட்டு சோகை ஆய்வுக்கு வைத்தது, பச்சிலைக்கு இல்லை. அந்த அறிவு ஊருக்கே சொந்தம். பாட்டியின் பேரை எடுத்தால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது.

அப்புறம்தான் அமெரிக்காவில் அரிசோனாவின் ஹவசுப்பாய் பழங்குடி மக்களைப் பற்றிப் படித்தேன். 1990 முதல் சர்க்கரை நோய் ஆய்வு என்று நம்பி ரத்தம் கொடுத்தவர்கள். அதே ரத்தத்தில் மனச்சிதைவையும், முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கிராண்ட் கேன்யனில்தான் தோன்றினோம் என்று நம்புகிற ஜனங்களிடம்! வழக்குப் போட்டு, 2010ல் 7 லட்சம் டாலரோடு ரத்தத்தையும் திரும்ப வாங்கினார்கள்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து:

அக்கா, நான் பேச்சுத் தரவு வேலையில், அதாவது கணினிக்கு மொழி கற்பிக்கப் பேச்சுப் பதிவுகளைத் தொகுக்கும் வேலையில், இருக்கிறேன். ஒரு பழங்குடி மொழிப் பதிவுகள் வந்தபோது ஒப்புதல் கேட்டேன். ஒவ்வொருவர் கையெழுத்தும் இருந்தது, ஊர் கூடிப் பேசியதற்கு ஒரு தாளும் இல்லை. தனிநபர் தரவைப் பாதுகாக்க இந்தியாவில் வந்த 2023 சட்டமும் தனி ஆளைத்தான் பார்க்கிறது. கேரளத்தில் காணி பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை மருந்தாக்கி, கிடைத்த உரிமத் தொகையில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் எங்களைக் கேட்கவில்லையே என்று மற்ற காணிகள் வருத்தப்பட்டார்கள்.

அல்சூரிலிருந்து:

அந்த ஆறு நிமிடத்தை வேறு யாரிடமாவது கொடுத்து அடித்திருப்பார்கள். பாட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் எனக்கு வழியில்லை தம்பி. கோப்பில் அவர் பேர் 'இ-07'.