பின்பக்க சுருள் ஸ்பிரிங்கிலிருந்து வரும் சத்தம்: காரணம் கண்டறிய உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எனது காரில், வேகத்தடையை மெதுவாக ஏறி இறங்கும்போது மட்டும், பின்பக்க இடது சக்கரத்தின் அருகே முதலில் ஒரு முனகலும், அதைத் தொடர்ந்து ‘டொக்’ என்ற ஒற்றைத் தட்டலும் கேட்கின்றன. சீரான சாலையில் எவ்வளவு வேகமாகச் சென்றாலும் சத்தம் இல்லை.

ஸ்பிரிங்கின் அடிமுனை அமர்ந்திருக்கும் கிண்ணத்தில் உள்ள ரப்பர் திண்டின் மீது தண்ணீர் தெளித்து ஓட்டிப் பார்த்தபோது முனகல் சிறிது நேரம் மறைந்து, காய்ந்ததும் திரும்பியதால், அந்த ரப்பர் தேய்ந்து சுருள் உலோகத்தில் உராய்கிறது என்றே கருதுகிறேன். ஆனால் தட்டல் தண்ணீருக்கு மசியவில்லை. காரை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தேன். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று சேறும் துருவும் படிந்த அந்தக் கிண்ணத்துக்குள் மறைந்திருப்பதால், அதன் முனை உடைந்திருக்கிறதா என்று தெரியவில்லை. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை. அதன் மேல்முனையில் உள்ள புஷ்ஷை (இணைப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறையை) இன்னும் சோதிக்கவில்லை.

ஸ்பிரிங்கைக் கழற்றாமலே முனை உடைந்திருப்பதை உறுதிசெய்ய வழி உண்டா? உடைந்திருந்தால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுவேன். ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் வேறுபடும். ரப்பர் மட்டுமே பழுதெனில் புதியதைப் பொருத்தலாம். கிரீஸ் தடவச் சொன்னார் ஒரு மெக்கானிக். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதிப்போகச் செய்யும் என்பதால் தயங்குகிறேன். சிலிக்கான் கிரீஸ் பயன்படுத்தியவர்களுக்கு முனகல் எவ்வளவு காலம் அடங்கியிருந்தது என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.