பெட்டியைத் தொறந்தா எப்பவும் காலி: ஆளுக்குத் தனித்தனியா லூட், அதாவது பெட்டிச் சரக்கு, வைக்க வழி இருக்கா?

வெண்ணாறு:
மன்னார்குடியில வீட்டுப் பழைய டெஸ்க்டாப்ல மைன்கிராஃப்ட் கேமோட ஜாவா (கம்ப்யூட்டர்) பதிப்புக்கு சர்வர் ஓட்டுறேன், பேப்பர்ங்கற சர்வர் சாஃப்ட்வேர்ல. ஆடுறது பூரா சொந்தக்காரப் பசங்கதான், பாதிப் பேர் கெய்சர்ங்கற இணைப்பு சாஃப்ட்வேர் வழியா போன்ல வருவாங்க. சிங்கப்பூர்ல இருக்கற பெரியப்பா மகனாலதான் தலைவலி. அங்க மணி நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி. இங்க ஸ்கூல் விடறதுக்குள்ள அவன் வேலை முடிச்சு ரூமுக்கு வந்து, கிடைக்கிற பெட்டியை எல்லாம் வழிச்செடுத்துடறான். அத்தை பொண்ணு எட்டாவது படிக்குது. ஆசை ஆசையா பாலைவனக் கோயிலுக்குள்ள இறங்கிப் பார்த்தா டிஎன்டி வெடியைக்கூடக் காணோம். நாலு பெட்டியிலயும் அவன் வேணாம்னு விட்ட அழுகின கறியும் எலும்பும்தான். தலைமடைக்காரனே மொத்தத் தண்ணியையும் பாய்ச்சிக்கிட்டா கடைமடைக்கு என்ன வரும்? ஆளுக்குத் தனிச் சரக்கு தர்ற லூட்டர் மாட் (கேமை மாத்தற துணை நிரல்) போடவா?

குடமுருட்டி:
போன்ல வர்றவங்க இருக்காங்கல்ல, அப்ப லூட்டரை மறந்துடுங்க. அது ஃபேப்ரிக், ஃபோர்ஜ், நியோஃபோர்ஜ்ங்கற மாட் லோடர்கள்ல ஓடற மாட். பேப்பர்ல ஏறாது, ஆடறவங்க கம்ப்யூட்டர்லயும் போடணும். எல்லாரும் ஜாவான்னா அதுக்கு ஈடே கிடையாது. ஒரே பெட்டி, ஆளுக்கு ஒரு சரக்கு.

உங்க பசங்க பெட்டி ஏன் காலின்னா, தொறக்காத பெட்டிக்குள்ள பொருளே இருக்காது. எந்த லூட் டேபிள் (என்னென்ன பொருள் வரலாம்ங்கற பட்டியல்)னு ஒரு குறிப்பு மட்டும்தான் இருக்கும். முதல் ஆள் தொறக்கும்போதுதான் பொருள் உருவாகுது, அதோட குறிப்பும் அழிஞ்சுடும். பெட்டியை உடைச்சாலும் அடியில பொருளை உறிஞ்சற ஹாப்பர் வச்சாலும் இதே கதைதான்.

பேப்பர்லயே ஒரு வழி இருக்கு. பேப்பர்-வேர்ல்டு-டிஃபால்ட்ஸ் கோப்புல லூட்டபிள்ஸ்னு ஒரு பகுதி வரும். அதுல ஆட்டோ-ரீப்ளெனிஷ் ஃபால்ஸ்ல இருக்கும், ட்ரூ ஆக்குங்க. தொறந்த பெட்டி 12 மணி நேரத்துலேர்ந்து 2 நாளைக்குள்ள ஏதோ ஒரு நேரத்துல மறுபடி நிரம்பத் தயாராயிடும். ரெஸ்ட்ரிக்ட்-பிளேயர்-ரீலூட் ஏற்கெனவே ட்ரூதான், அதைத் தொடாதீங்க. ஒருதடவை எடுத்தவர் திரும்ப வந்து தொறந்தா அவருக்காக நிரம்பாது. சிங்கப்பூர் அண்ணனுக்கு அதான் கடிவாளம்.

ஆனா இது லூட்டர் மாதிரி சுத்தமான தனிப்பங்கு இல்ல. பொண்ணு தொறந்து பாதி எடுத்துட்டு மீதியை விட்டா, அண்ணன் வந்து அள்ளிக்கலாம். யாராவது பெட்டியையே உடைச்சா முடிஞ்சுது.

அரசலாறு:
இதெல்லாம் எதுக்குங்க? எல்லாருக்கும் எல்லாம் கிடைச்சா அப்புறம் ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட மாத்திக்க என்ன இருக்கு? எங்க சர்வர்ல ஒரு சேணத்துக்கு மூணு நாள் பேரம் நடந்துது. அந்த ரகளைதான் ஆட்டமே.

குடமுருட்டி:
ஒரே நேரத்துல உள்ள வர்றவங்களுக்கு உங்க பேரம் சரி. பள்ளிக்கூடம் போற பிள்ளை மூணு நாள் பேரம் பேசுமா? கேமை உருவாக்கின மொஜாங்கே 1.21 பதிப்புல டிரையல் சேம்பர்ங்கற நிலவறையில இருக்கற வால்ட் பெட்டகத்தை ஆளுக்கு ஒருதடவைன்னுதான் வச்சிருக்காங்க. சாவி கொண்டுவந்தா அவங்கவங்களுக்குத் தனியா கொட்டும், இன்னொருத்தர் முன்னாடியே எடுத்திருந்தாலும் குறையாது. டெர்ரேரியாங்கற இன்னொரு கேம்ல, எக்ஸ்பர்ட் மோட்ல பாஸ் (பெரிய எதிரி) விடற பையும் அப்படித்தான்.

வெண்ணாறு:
ட்ரூ ஆக்கி ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். ஏற்கெனவே காலியான கோயில் பெட்டி எல்லாம் திரும்பி வருமா? எண்ட் உலகத்து எண்ட் சிட்டியில கிடைக்கிற எலிட்ரா, அதான் பறக்கற இறக்கை, அது வருமா?

குடமுருட்டி:
பழசு வராது, அதுல குறிப்பே இல்லையே. இதுவரைக்கும் யாரும் போகாத பக்கமா பசங்களைப் போகச் சொல்லுங்க. எலிட்ரா பெட்டிச் சரக்கு இல்ல, அந்த சிட்டியோட கப்பல்ல ஃப்ரேம்ல மாட்டியிருக்கறது. அதனால இந்த செட்டிங் அதைத் தொடாது. அதுக்கு பேக்கப் எடுத்துட்டு, சர்வரை நிறுத்தி எண்ட் உலகத்தோட ஃபோல்டரை அழிச்சுடுங்க, புதுசா உருவாகும். அந்த உலகத்து டிராகனும் திரும்ப வந்துடும். அங்க யாராவது வீடு கீடு கட்டியிருந்தா முதல்ல கேட்டுக்குங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருக்கும்போது பண்ணுங்க, இல்லன்னா அதையும் அண்ணனே முடிச்சுடுவார்.